எனக்குத் தெரிந்த ஒருவரின் தொழில்

ஆசிரியப் பணியில் பாதி வகுப்பறையில் நடக்கிறது. மறுபாதி வீட்டு மேசையில், சிவப்பு மைப் பேனாவோடு நடக்கிறது. அந்த மறுபாதியில்தான் மாணாக்கரின் உள்ளம் ஆசிரியனுக்குப் புலப்படும் என்று, பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் நான் பலமுறை கூறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் ஓர் இரவு, 32 கட்டுரைகளைத் திருத்தி முடித்தபோது, நான் கூறியது சரிதானா என்ற ஐயம் எனக்கே எழுந்தது.

நான் பொறுப்பேற்று நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கு, வெவ்வேறு பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்திற்காக மட்டும் வந்து போகின்றனர். உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவர்க்கு அன்று நான் கொடுத்திருந்த தலைப்பு, 'எனக்குத் தெரிந்த ஒருவரின் தொழில்' என்பது. வந்த கட்டுரைகளில் 19 மருத்துவரைப் பற்றியவை. 6 ஆசிரியரைப் பற்றியவை. 4 காவல் அதிகாரியைப் பற்றியவை. எஞ்சிய 3 விமானியைப் பற்றியவை. மருத்துவர் அனைவரும் வெள்ளை அங்கி அணிந்திருந்தனர். அனைவரும் இரவு பகல் பாராது உழைத்தனர். நோயாளிகள் அனைவரும் கைகூப்பி நன்றி கூறினர். கதிரவன் ஒவ்வொரு கட்டுரையிலும் தவறாமல் கீழ்வானில் உதித்தான். எழுத்துப் பிழைகள் மிகுதியாக இல்லை. ஆனால், அத்தனை கட்டுரைகளிலும் தேடியும் ஒரு மனிதரைக்கூட நான் காணவில்லை.

அப்பிள்ளைகளின் பெற்றோர் பலரை நான் அறிவேன். ஒருவர் பேருந்து ஓட்டுகிறார். ஒருவர் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். ஒருவர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டுகிறார். ஒருவர் முதியோர் இல்லத்தில் இரவு முழுவதும் விழித்திருந்து நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். இவர்களுள் எவரும் கட்டுரைக்குள் நுழையவில்லை.

மறுநாள் வகுப்பில், "இந்த மருத்துவர் யார்? இவருடைய பெயர் என்ன?" என்று ஒரு மாணவனை வினவினேன். அவன் எழுந்து நின்று, "இவர் கட்டுரையில் வருகிற மருத்துவர், ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும், அவனைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்பதை என் உள்ளம் அறியும்.

1980ஆம் ஆண்டில் நான் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், கடைவீட்டின் மாடியறை ஒன்றில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. என் தந்தையார் அதே தெருவின் கோடியில் இருந்த மசாலா அரைக்கும் மில்லில் வேலை பார்த்தார். காலையில் மூட்டைகளைப் பிரித்து, மிளகாயையும் மல்லியையும் தட்டுகளில் பரப்பி அஞ்சடியில் காயவைப்பார். மஞ்சள் கிழங்கை உடைத்துக் கொடுத்த பின்னரே இயந்திரம் ஏற்கும். ஒரு சரக்கை அரைத்து முடித்து மறுசரக்கைப் போடுமுன், ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டிக் கல்லைத் துடைத்துக்கொள்வார். இயந்திரத்தின் ஓசை சற்று மாறினாலே சரக்குக் குறைந்துவிட்டதென்று அறிந்து, திரும்பிப் பாராமலே கையால் தள்ளுவார். எந்த வீட்டு மீன் கறிக்கு எத்தனை பங்கு மல்லி, எந்த வீட்டு இறைச்சிக் கறிக்கு எத்தனை பங்கு சோம்பு என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. தமிழ்ப் பெண்களும் சீன மூதாட்டிகளும் மலாய்ப் பெண்களும் பை கொண்டுவந்து நிற்பர். என் தந்தையார் கையெழுத்து மட்டும் இடக் கற்றவர்; ஆனால், எவருடைய கணக்கும் அவரிடம் தவறியதில்லை.

அவருடைய சட்டையில் மிளகாய் நெடி எப்போதும் இருக்கும். அந்நெடி எங்கள் அறையிலும், என் பள்ளிச் சீருடையிலும் ஏறியிருந்தது. வகுப்பில் எனக்கு அருகில் அமர்ந்தவன் ஒருநாள் தும்மிவிட்டு என்னைப் பார்த்தான். அவ்வளவுதான் நடந்தது. அந்த வாரம் தமிழாசிரியர் கொடுத்த தலைப்பு, 'என் தந்தையின் தொழில்'.

'என் தந்தை அரசாங்க அலுவலகத்தில் கிராணியாகப் பணிபுரிகிறார்' என்று நான் எழுதினேன். எழுத்தரை அந்நாளில் நாங்கள் கிராணி என்போம். அவருக்கு ஒரு மேசையும் தொலைபேசியும் கொடுத்தேன். வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிவித்தேன். எங்கள் தமிழாசிரியரின் வீட்டுக்கு மாதந்தோறும் மசாலாத் தூள் என் தந்தையாரின் மில்லிலிருந்துதான் போகும். ஆகவே, உண்மை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அவர் 25க்கு 18 மதிப்பெண் கொடுத்தார். வேறொன்றும் கூறவில்லை. அது இரக்கமா, சலிப்பா என்பதை இன்றும் நான் அறியேன்.

ஏட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இரவு வேலை முடித்து வந்த தந்தையார், "எங்கே, படி பார்ப்போம்" என்றார். வேறு வழியின்றிப் படித்தேன். முதல் வரியிலேயே அவர், "கிராணியா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். "ம், படி" என்றார். இறுதிவரை கேட்டார். பின்னர், "வாத்தியார் எத்தனை போட்டாரு?" என்றார். "பதினெட்டு" என்றேன். "அப்ப சரி. நல்லாத்தான் எழுதியிருக்கே" என்று கூறி, ஏட்டை வாங்கிக் கையெழுத்திட்டார். அவர் பெருவிரலில் இருந்த மஞ்சள், தாளின் ஓரத்தில் படிந்தது.

அவர் என்னை அடித்திருந்தால் அந்நிகழ்ச்சியை நான் என்றோ மறந்திருப்பேன். அவர் அந்தப் பொய்க்கு உடன்பட்டார் என்பதே என் நெஞ்சில் இன்றும் உறுத்துகிறது.

சிராங்கூன் வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தொழிலைப்பற்றி வெட்கம் வந்ததை எண்ணினால் வியப்பாகவும் இருக்கிறது. ஏனெனில், எங்களைச் சூழ்ந்திருந்த பெயர்களெல்லாம் தொழிற்பெயர்களே. சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற் சூளைகளும் இருந்தமையால் நம் முன்னோர் இப்பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். எருமை மாடுகளை அடைத்து வைத்த இடம் மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ் ஆயிற்று. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறந்த மருத்துவமனை அப்பெயரின் முதலெழுத்துகளைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. பஃபலோ சாலை மாட்டு வணிகத்தின் நினைவு. பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வணிகம் செய்த ஒருவரின் பெயர். டோபி காட் என்னும் ரயில் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோர், அங்கே ஓடையில் துணி வெளுத்துப் புல்வெளியில் உலர்த்திய சலவைத் தொழிலாளரின் பெயரைத்தான் உச்சரிக்கின்றனர்.

தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த கடையநல்லூர் மக்களின் கதையும் இத்தகையதே. ஆடவர் துறைமுகத்தில் சுமை தூக்கினர். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றனர். அம்மக்களின் சங்கம் 1946ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிதான் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. மசாலா அரைத்த கைகளின் உழைப்பில் ஒரு தமிழ்ப் பள்ளி எழுந்தது. நானோ, மசாலா அரைத்த கையைத் தமிழ்க் கட்டுரை ஒன்றில் மறைத்தேன். அதற்கு ஓராண்டு முன்னர், 1979இல், இந்நாட்டில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு நிறுவப்பட்டு, மூத்தோரின் வாழ்க்கையைப் பேட்டி கண்டு ஒலிநாடாவில் பதியும் பணி தொடங்கியிருந்தது என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, என் நாணம் இன்னும் மிகுந்தது. நாடு கேட்கத் தொடங்கிய வேளையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இனி, ஆசிரியனாக நான் செய்த தவற்றையும் கூற வேண்டும்.

தேசியக் கல்விக் கழகம் புக்கித் தீமா சாலையில் இயங்கிய காலத்தில் அங்குப் பயிற்சி பெற்று, 1990களில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். நல்ல தமிழைக் காப்பது என் கடமை என்ற வேகம் அப்போது எனக்கு மிகுதியாக இருந்தது. 1998ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் தாயின் வேலையைப் பற்றி எழுதினாள். 'எங்கம்மா சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுறாங்க. சுடுதண்ணியில் கை வெந்துபோகும். ராத்திரி எண்ணெய் தடவிக்கிட்டுப் படுப்பாங்க' என்பன அக்கட்டுரையின் முதல் வரிகள். நான் 'மங்கு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'உணவுத் தட்டு' என்று மேலே எழுதினேன். 'கழுவுறாங்க' என்பதை அடித்தேன். ஓரத்தில் 'பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்' என்று குறித்து, 25க்கு 9 மதிப்பெண் இட்டேன். அதே கட்டில் இருந்த ஒரு வெள்ளை அங்கி மருத்துவருக்கு 19 கொடுத்தேன்.

அடுத்த மாதம் அம்மாணவியும் மருத்துவரைப் பற்றி எழுதினாள். அவள் தமிழ் 'திருந்திவிட்டது' என்று நான் மகிழ்ந்தேன். பொய் எழுதக் கற்றுக்கொடுத்ததும் நானே, அதற்கு மதிப்பெண் கொடுத்ததும் நானே என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின. அவள் எழுதிய 'மங்கு', மலாய் மண்ணில் நம் மக்கள் உழைத்து உழைத்துத் தம் மொழியில் சேர்த்துக்கொண்ட சொல். 'உணவுத் தட்டு' என்பது எவர் கையையும் சுடாத சொல்.

எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்பது என் கருத்தன்று. பிள்ளைகள் செம்மையாக எழுத வேண்டும். அதற்காகவே நாம் ஊதியம் பெறுகிறோம். ஆனால், செம்மை என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டியது. அதற்காக வாழ்க்கையை அடித்துத் திருத்த வேண்டியதில்லை. உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்ட பின் இந்நாட்டில் தமிழ்வழிப் பள்ளி ஏதும் இல்லை. தமிழ் ஒரு பாடமாக மட்டும் நிலைபெற்றுள்ளது. கணக்கையும் அறிவியலையும் பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறது. வீட்டுக்கு உணவு கொண்டுவரும் உழைப்பையும் தமிழில் சொல்ல முடியாதென்றால், தமிழ் அதற்குத் தேர்வு நாளில் மட்டும் அணியும் உடையாகிவிடும். 2005ஆம் ஆண்டில் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, என் நினைவுக்கு முதலில் வந்தவள் அம்மாணவியே.

நம் பண்டைப் புலவர்கள் இவ்வகையில் நமக்கு ஆசான்கள். மணிமேகலை தந்த சாத்தனார், கூலவாணிகன் என்ற அடையோடுதான் நம் நூல்களில் நிற்கிறார். கூலம் விற்றவர் காப்பியம் பாடினார்; பாடிய பின்னரும் கூலவாணிகராகவே அறியப்பட்டார். அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன் வேலை செய்தவர். மருத்துவன் தாமோதரனார், இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் என்று சங்கப் புலவர் வரிசையில் தொழில்கள் பெயர்களுக்கு முன்னே வந்து அமர்ந்திருக்கின்றன. அங்கே மருத்துவனும் இருக்கிறான். அவனுக்குப் பக்கத்திலேயே கூலம் அளப்பவனும் இருக்கிறான். இப்பெயர்களை நாம் மனப்பாடம் செய்விக்கிறோம். அவற்றின் பொருளை மட்டும் கற்பிக்க மறந்துவிட்டோம்.

மீண்டும் அந்த 32 கட்டுரைகளுக்கு வருகிறேன். ஏடுகளை மதிப்பெண் இடாமலே திருப்பிக் கொடுத்து, அதே தலைப்பில் மறுபடி எழுதச் சொன்னேன். ஆனால், இம்முறை மூன்று விதிகள் வகுத்தேன். முதல் விதி: பெற்றோரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தெரிந்த எவரைப் பற்றியும் எழுதலாம். தந்தை, தாய் என்று குறித்துக் கேட்டால் சில பிள்ளைகளுக்கு அது தண்டனையாகும். பட்டறிந்தவன் கூறுகிறேன். இரண்டாம் விதி: அம்மனிதரிடம் நேரில் சென்று ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். காலையில் வேலைக்குப் போனதும் முதலில் கை எதைத் தொடும்? எங்கே பிழைத்தால் வேலை முழுவதும் கெடும்? புதிதாக வந்தவருக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பீர்கள்? உடம்பில் எந்த இடம் வலிக்கும்? உங்கள் தொழிலில் மட்டும் வழங்கும் சொல் எது? மூன்றாம் விதி: அச்சொல் எம்மொழிச் சொல்லாயினும் அப்படியே எழுதி, அடுத்த வரியில் நல்ல தமிழில் விளக்க வேண்டும்.

எல்லாம் செம்மையாக நடந்துவிட்டதென்று கூறமாட்டேன். ஒரு தாய் பள்ளிக்கே வந்து, "என் வேலையை வகுப்பில் எழுத வேண்டாம், ஐயா. பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும்" என்றார். அவர் விருப்பப்படியே ஆகட்டும் என்றேன். தொழிலைக் கூறுவது எவ்வாறு ஒருவரின் உரிமையோ, கூறாதிருப்பதும் அவ்வாறே உரிமை. சக ஆசிரியர் ஒருவர், தேர்வுக்கு இது உதவாது என்றார். அவர் கூறியதிலும் உண்மை இருந்தது. ஆயினும், இரண்டு வாரத்தில் வந்த கட்டுரைகளை நான் ஓரிரவில் படித்து முடித்தேன். பேனாவை எடுக்கவே மறந்துவிட்டேன்.

கேம்பல் லேனில் பூக்கடை வைத்திருக்கும் தன் அத்தையைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். விமானத்தில் வந்திறங்கும் மல்லிகை, பெட்டியைத் திறந்தவுடன் சூடேறி மலரத் தொடங்கிவிடும். ஆதலின் முதலில் தொடுவது பனிக்கட்டியை என்று அத்தை கூறினாராம். நூலை இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் மாலை கழுத்திலேயே உதிரும். அதன் நடுவே ஓர் அளவு விரலுக்கு மட்டும் தெரியும். சாமிக்குப் போகும் பூவை முகர்ந்து பார்க்க எவரையும் விடமாட்டாராம். 'முழம்', 'சரம்' என்னும் சொற்களை அம்மாணவி முதன்முறையாக அறிந்து எழுதியிருந்தாள்.

துறைமுகத்தில் கிரேன் இயக்கும் சித்தப்பாவைப் பற்றி ஒருவன் எழுதினான். உயரத்தில் கண்ணாடித் தரை கொண்ட சிறு அறையில் அமர்ந்து, கால்களுக்கு இடையே குனிந்து பார்த்துக்கொண்டே கொள்கலத்தை இறக்க வேண்டும். வலிப்பது கழுத்து. அவன் அதோடு நிற்கவில்லை. சித்தப்பாவின் தந்தை அதே துறைமுகத்தில் முதுகில் மூட்டை சுமந்தவர் என்பதையும் கேட்டு எழுதியிருந்தான். 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலக் கப்பல் வந்து நின்றது என்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரி வரும். அந்த வரி ஒரு குடும்பத்தில் முதுகிலிருந்து கழுத்துக்கு மாறிய வலி என்பதை ஒரு சிறுவன் எனக்குக் கற்பித்தான்.

மூன்றாமவனின் பாட்டி தேக்காவுக்கு அருகே சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். ஞாயிறுதோறும் அங்கு உண்ண வரும் கட்டுமானத் தொழிலாளர் ஒருவரைப் பற்றி அவன் எழுதினான். அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கம்பி கட்டுவது அவர் தொழில். அளவு பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, கம்பிமேல் கம்பி வைத்து, கொக்கியால் முறுக்கிக் கட்ட வேண்டும். இடைவெளி பிழைத்தால் அனைத்தையும் பிரித்து மீண்டும் கட்ட வேண்டும். "கான்கிரீட் ஊத்திட்டா என் வேலைய யாரும் பார்க்க முடியாது தம்பி. ஆனா வீடு நிக்கிறது அதுலதான்" என்று அவர் கூறியதை அவன் அப்படியே எழுதியிருந்தான். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொற்றுநோயால் தங்கும் விடுதிகள் மூடப்பட்டபோது, அறையை விட்டு வெளிவர இயலாமல் வாரக்கணக்கில் இருந்ததையும் அவர் கூறியிருந்தார்.

அக்கட்டுரை முடியவில்லை. இறுதிப் பத்தியைப் பென்சிலால் எழுதியிருந்தான். காரணம் கேட்டேன். "அவர் ஊரில் இருக்கும் மகளிடம், தாம் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருக்கிறாராம், ஐயா. அதை நான் எழுதலாமா?" என்றான்.

எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. அவன் முன்னால் நின்றது ஒரு தலைமையாசிரியன் அல்லன்; மிளகாய் நெடி வீசும் சீருடை அணிந்த ஐந்தாம் வகுப்புப் பையன். அன்று பொய் சொன்னவன் மகன். இங்கே பொய் சொல்கிறவர் தந்தை. இரண்டையும் சொல்ல வைத்தது ஒரே அச்சம். ஒருவர் மற்றவரின் கண்ணில் தாழ்ந்துவிடக்கூடாது என்ற அன்பும் அந்த அச்சத்துள் கலந்திருக்கிறது. என் தந்தையார் "அப்ப சரி" என்று கூறியதன் பொருளை அப்போதுதான் நான் உணர்ந்தேன். அவர் தம் தொழிலுக்காக நாணவில்லை. அதனால் எனக்கு நேரும் நாணத்தைத் துடைக்க விரும்பினார். அதற்காகத் தம்மையே அத்தாளிலிருந்து துடைத்துக்கொள்ளவும் உடன்பட்டார்.

"அவரிடமே கேட்டு வா" என்று அவனை அனுப்பினேன். அடுத்த வாரம் வந்து கூறினான்: "எழுது, பேர் மட்டும் போடாதே என்றார், ஐயா. எழுதி முடித்ததும் ஒரு படி வேண்டும் என்றும் கேட்டார்." படியெடுத்துக் கொடுத்தோம். அவர் நின்றபடியே முழுவதையும் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். ஊருக்கு அனுப்பினாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

என் தந்தையாரிடம் இந்த ஐந்து கேள்விகளை நான் உரிய காலத்தில் கேட்கவில்லை. மில் மூடப்பட்டு, நாங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குச் சென்ற பின்னர், அவருடைய முதுமையில் ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொடுத்த மேசையையும் தொலைபேசியையும் அவர் இறுதிவரை எனக்காகக் காத்து வந்தார் போலும். அவர் தொழிலில் வழங்கிய சொற்களில் ஒன்றுதான் என்னிடம் எஞ்சியிருக்கிறது. அரைத்த தூளைச் சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கட்டிபிடித்துவிடும். ஆகவே, தாளில் பரப்பி ஆறவிடுவார். அவசரப்படும் வாடிக்கையாளரிடம், "பொடி மூச்சு விடணும்மா, கொஞ்சம் இருங்க" என்பார்.

அந்தப் பழைய ஏடு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. மஞ்சள் படிந்த அத்தாள் இப்போது என்னிடம் இல்லை. எனினும், மாணாக்கரை இரண்டாம் முறை எழுதச் சொன்ன ஆசிரியன் தானும் எழுத வேண்டுமல்லவா? நாற்பது ஆண்டுகளுக்குமேல் கழிந்த பின்னர், தலைப்பைத் தாளின் நடுவில் எழுதி, கீழே முதல் வரியைத் தொடங்குகிறேன்: என் தந்தை சிராங்கூனில் மசாலா அரைக்கும் மில்லில் வேலை பார்த்தார்.